மூன்று நாள் விண்வெளிப் பயணத்துக்கு இத்தனை ஆண்டுப் பயிற்சி எதற்கு?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "நம் பக்கத்து நென்மாறாக்காரரான பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் 2020-லேயே ரஷ்யாவுக்குப் பயிற்சிக்குப் போனார். இந்தியா மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் பயணமோ மூன்றே நாள். ஏற்கெனவே போர் விமானம் ஓட்டியவர்களுக்கு இத்தனை ஆண்டுகளாக என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள்? ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு விண்வெளிக்குப் போக ஆசை. ஆனால் நெல்லியாம்பதி மலைப்பாதையில் நாலு வளைவு தாண்டினாலே வாந்தி எடுத்துவிடுகிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?"

பார்த்தால் இரண்டு கேள்விகள்போலத் தெரிகிறது. உள்ளே இருப்பது ஒன்றுதான்: விண்வெளிக்கு வேண்டிய உடம்பும் மனமும் பிறவியில் வாய்ப்பவையா, பயிற்சியால் வருபவையா? வருகிறது என்றால் எவ்வளவு தூரம்? அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் விமானப்படையில் மருத்துவராக இருந்தவன். பெங்களூரில் விமான மருத்துவம் படித்தேன். விமானிகளின் காது, கண், இதயம், தூக்கம் இவற்றைப் பார்ப்பதிலேயே பணிக்காலம் கழிந்தது. ஓய்வுக்குப் பிறகு பாலக்காட்டுச் சித்தூரில் வசிக்கிறேன். ககன்யான் வீரர்களின் பயிற்சியில் எனக்குப் பங்கு கிடையாது. ஆகவே உடம்பைப் பற்றி இங்கே எழுதுவதைத் தொழில் தெரிந்தவன் பேச்சாக எடுத்துக்கொள்ளலாம். விண்கலத்தின் இயந்திரங்களையும் கட்டுப்பாட்டு அறையையும் பற்றி எழுதுவது, வெளியான அறிக்கைகளைப் படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் ஆண்டுக் கணக்கு. பிரசாந்த் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா ஆகிய நால்வரும் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள ககாரின் பயிற்சி மையத்தில் 2020 பிப்ரவரி முதல் 2021 மார்ச் வரை பயின்றார்கள். நடுவில் கொரோனாவால் பயிற்சி நின்று தொடர்ந்தது. அதன் பிறகு பெங்களூரில் இஸ்ரோவின் பயிற்சி மையம். அவர்களுடைய பெயர்கள் 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில்தான் அறிவிக்கப்பட்டன. இந்த ஆண்டுகள் எல்லாம் பாடம் கேட்பதிலேயே போயின என்று எண்ணக் கூடாது. அவர்கள் ஏறப்போகும் கலமும் அதே காலத்தில்தான் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே பலமுறை பறந்து தேர்ந்த கலத்தில் ஏறுபவருக்கு எவ்வளவு காலம் தேவை என்று அறிய ராகேஷ் சர்மாவைப் பார்க்கலாம். 1984 ஏப்ரல் 3 அன்று சோவியத் நாட்டின் சோயூஸ் டி-11 கலத்தில் புறப்பட்ட அவர் விண்வெளியில் இருந்தது எட்டு நாளுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு அவர் பயின்றது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. நாசாவில் புதிதாகச் சேர்பவருக்கு அடிப்படைப் பயிற்சியே சுமார் இரண்டு ஆண்டு. ஒரு பயணத்துக்குப் பெயர் வந்த பிறகு அதற்கான பயிற்சி தனி. ஆக, பயண நாள்களை வைத்துப் பயிற்சிக் காலத்தை அளக்க முடியாது. ஏறுவது, இறங்குவது, நடுவில் ஏதாவது கெட்டுப்போனால் பிழைப்பது ஆகிய மூன்றும் மூன்று நாள் பயணத்துக்கும் ஒன்றுதான், ஆறு மாதப் பயணத்துக்கும் ஒன்றுதான்.

போர் விமானிகளுக்கு இதெல்லாம் பழக்கம்தானே என்றால், பாதிதான் சரி. போர் விமானம் சட்டென்று திரும்பும்போது விசை தலையிலிருந்து காலை நோக்கி இழுக்கும். இரத்தம் கீழே இறங்கும். முதலில் நிறங்கள் வெளிறும், பிறகு பார்வையின் ஓரங்கள் இருண்டு சுருங்கும், அதற்கும் மேலே போனால் நினைவு தப்பும். அதைத் தடுக்கத் தொடையையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்து, மூன்று வினாடிக்கு ஒருமுறை வெடுக்கென்று விட்டு இழுக்க விமானிகள் பழகுகிறார்கள். விண்கலத்தில் நிலைமை வேறு. அங்கே வீரர் மல்லாந்து படுத்திருக்கிறார். விசை மார்பிலிருந்து முதுகுக்குப் போகிறது. மூளைக்கு இரத்தம் குறையாது. தொல்லை மூச்சில் வருகிறது. 2008 ஏப்ரலில் சோயூஸ் டிஎம்ஏ-11 கலம் வழக்கமான சாய்வில் இறங்காமல் அதைவிடச் செங்குத்தான பாதையில் விழுந்தபோது உள்ளே இருந்த மூவரும் 8 ஜி அளவுக்கு அழுத்தம் தாங்கினார்கள். 60 கிலோ எடையுள்ளவர் 480 கிலோவாக உணரும் நிலை அது.

மையவிலக்கு இயந்திரம் என்பது நீண்ட இரும்புக் கையின் முனையில் மனிதரை அமர்த்திச் சுழற்றும் கருவி. ரஷ்யாவில் உள்ள பெரியதன் கை 18 மீட்டர் நீளம். அதில் மல்லாந்து சுழலும்போது கன்னங்கள் காதுப் பக்கம் இழுபடும், கண்ணீர் காதுக்குள் வழியும், விலா எலும்புகள் விரிய மறுக்கும். அந்த நேரத்தில் மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டால் திரும்ப இழுப்பது பெரும்பாடு. ஆகவே நுரையீரலை நிறைத்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் சின்னச் சின்ன மூச்சாக வயிற்றால் இழுக்கக் கற்றுக்கொடுப்பார்கள். கையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தியபடியே இருக்க வேண்டும். விரல் தளர்ந்தால் வீரர் நினைவிழந்தார் என்று கொண்டு இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். பல ஆண்டுகள் ஒரு விதமாக மூச்சுவிடப் பழகிய விமானி, அதை விட்டுவிட்டு வேறு விதத்துக்கு மாற வேண்டியிருக்கிறது. புதியவருக்கு அந்தச் சுமை இல்லை என்பது என் கணிப்பு. சுழலும்போது இன்னொரு கட்டளையும் உண்டு: தலையை மட்டும் திருப்பாதே. திருப்பினால் உட்கார்ந்த இடமே குட்டிக்கரணம் போடுவதுபோல இருக்கும்.

உங்கள் மகளின் தொல்லைக்கும் அதற்கும் மூலம் ஒன்றே. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை சுழல்வதை அவை சொல்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் கூழ்போன்ற படலத்தின் மேல் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் ஒட்டியிருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எது கீழ் என்று அவை சொல்கின்றன. மலைப்பாதையில் வண்டி வளையும்போது காது 'திரும்புகிறோம்' என்கிறது. முன் இருக்கையின் முதுகையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'அசையவே இல்லை' என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாகிறது. விண்வெளியில் எடையின்மையால் அந்தப் படிகங்கள் தலை சாய்வதையே சொல்லாமல் போகின்றன. கூடவே உடம்பின் நீர் மேல்நோக்கி ஏறி முகம் வீங்கும், மூக்கு அடைக்கும்.

முதல்முறை போகிறவர்களில் பத்துக்கு ஆறேழு பேருக்கு முதல் இரண்டு மூன்று நாள்கள் இந்தக் குமட்டல் நோய் ஏதோ ஓர் அளவில் வருகிறது. இது உறுதி. அடுத்துச் சொல்வதும் உறுதி, உங்கள் மகளுக்கு முக்கியமும்கூட: பூமியில் வண்டியில் வாந்தி எடுப்பவருக்கு விண்வெளியில் வரும், எடுக்காதவருக்கு வராது என்று எந்தச் சோதனையாலும் நம்பத்தக்க விதத்தில் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை. 1969 மார்ச்சில் அப்பல்லோ 9 கலத்தில் சென்ற ரஸ்டி ஷ்வைகார்ட் அமெரிக்க விமானப்படையில் போர் விமானம் ஓட்டியவர். அவருக்கு வந்த குமட்டலால் அவருடைய விண்நடையையே சுருக்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் ஷட்டில் என்ற அமெரிக்க விண்கலத்தின் பயணங்களில் முதல் மூன்று நாள்களுக்கு விண்நடை வைக்காமல் தவிர்த்ததும் இதனால்தான். தலைக்கவசத்துக்குள் வாந்தி எடுத்தால் உயிருக்கே ஆபத்து.

ஐயத்துக்கு உரியது எது என்றால், சுழல் நாற்காலிப் பயிற்சி. கண்ணைக் கட்டி, நாற்காலியைச் சுழற்றி, தலையை இப்படியும் அப்படியும் சாய்க்கச் சொல்வார்கள். ரஷ்யப் பயிற்சி மரபு இதில் மிகுந்த நம்பிக்கை வைத்திருக்கிறது. அமெரிக்க மரபு இதற்கு அவ்வளவு நேரம் ஒதுக்குவதில்லை. தேவைப்பட்டால் குமட்டலை அடக்கும் ப்ரோமெத்தசின் ஊசி போட்டுச் சமாளிக்கிறது. நாற்காலியில் பழகப் பழக நாற்காலியில் குமட்டல் குறைகிறது, அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பலன் விண்வெளி வரை கூட வருமா என்பதற்கு வலுவான சான்று கிடையாது. எனக்குத் தோன்றுவது இதுதான்: குமட்டும்போதும் கை நடுங்காமல் வேலையைத் தொடரலாம் என்ற தெம்பை நாற்காலி கொடுக்கிறது. அது சிறிய பலன் இல்லை. ககன்யானில் அது இன்னும் தேவை. மூன்று நாள் என்பதால் எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். மருத்துவன் கண்ணுக்கு நேர்மாறாகத் தெரிகிறது. ஆறு மாதம் தங்குபவர் மூன்று நாள் சிரமப்பட்டுப் பிறகு நிம்மதியாக வேலை பார்க்கலாம். மூன்றே நாள் போகிறவருக்குப் பயணம் முழுவதுமே அந்தச் சிரம நாள்களுக்குள் அடங்கிவிடுகிறது.

எடையின்மையைப் பூமியில் உண்டாக்க முடியுமா என்றும் பலர் கேட்பதுண்டு. முழுமையாக முடியாது; துண்டு துண்டாக முடியும். விமானத்தைச் சுமார் 45 பாகைச் சாய்வில் ஏற்றி வில்போல வளைத்து இறக்கினால் 20 முதல் 25 வினாடி வரை உண்மையான எடையின்மை கிடைக்கும், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் உடம்பு ஏறத்தாழ இரட்டிப்புப் பாரமாகும். ஹூஸ்டனில் நாசாவின் பயிற்சிக் குளம் 62 மீட்டர் நீளம், 12 மீட்டர் ஆழம். விண்நடை உடையோடு ஆறு மணி நேரம்வரை அதில் வேலை பழகுகிறார்கள். அங்கே நீரின் எதிர்ப்பு இருப்பதால் தள்ளிய பொருள் நின்றுவிடும். விண்வெளியில் அது போய்க்கொண்டே இருக்கும். தலைகீழாகத் திரும்பினால் குளத்தில் இரத்தம் தலைக்கு ஏறும், விண்வெளியில் அப்படி ஏறாது. நல்ல பயிற்சியாளர் ஒவ்வொரு கருவியும் எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுப்பார். ககன்யானில் விண்நடை இல்லாததால் இதை இத்தோடு விடுகிறேன்.

அதிக நேரம் போவது சிமுலேட்டரில். கலத்தின் உட்புறத்தை அப்படியே கட்டி, திரையில் பயணத்தை ஓட்டி, வெளியே அமர்ந்திருக்கும் பயிற்சியாளர் பழுதுகளைப் புகுத்துவார். எல்லாம் சரியாக நடக்கும் பயணத்தை ஓரிரு வாரத்தில் கற்றுவிடலாம் என்றே சொல்வேன். மீதிக் காலம் முழுவதும் கெட்ட நேரத்துக்கானது. 1969 ஜூலை 5 அன்று ஹூஸ்டனில் நடந்த ஒரு நிலவிறங்கு ஒத்திகையில் டிக் கூஸ் என்ற பயிற்சி மேற்பார்வையாளர் கணினியில் 1201 என்ற எச்சரிக்கையைப் புகுத்தினார். தரையில் அதைக் கவனித்த ஸ்டீவ் பேல்ஸ் என்ற இளைஞருக்கு அதன் பொருள் தெரியவில்லை. இறங்குவதைக் கைவிடச் சொல்லிவிட்டார். கைவிட வேண்டிய தேவையே இருக்கவில்லை என்று ஒத்திகைக்குப் பின் விளக்கப்பட்டது. கட்டுப்பாட்டு இயக்குநர் ஜீன் கிரான்ஸ், வரக்கூடிய எல்லா எச்சரிக்கைகளையும் ஆராயச் சொன்னார். ஜாக் கார்மன் என்ற பொறியாளர் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று கையால் ஒரு பட்டியல் எழுதித் தன் மேசையில் வைத்துக்கொண்டார். ஜூலை 20 அன்று ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவை நெருங்கும்போது 1202 எச்சரிக்கை உண்மையாகவே வந்தது. கார்மன் பட்டியலைப் பார்த்துச் சொன்னார், பேல்ஸ் தொடரச் சொன்னார், கலம் இறங்கியது. பயிற்சி என்றால் வீரர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அன்று பயிற்சி காப்பாற்றியது மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் வழியாக.

வீரர்கள் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த சான்று 2018 அக்டோபர் 11. சோயூஸ் எம்எஸ்-10 கலத்தில் அலெக்சி ஓவ்சினினும் நிக் ஹேக்கும் புறப்பட்ட இரண்டே நிமிடத்தில், பிரிய வேண்டிய பக்க ராக்கெட் ஒன்று நடுப்பகுதியில் மோதியது. தப்பிக்கும் அமைப்பு கலத்தைப் பிய்த்து எறிந்தது. இருவரும் 6.7 ஜி அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே தரையோடு பேசினார்கள். ஓவ்சினின் பழுதை அறிவித்த குரலில் பதற்றம் இல்லை. அமெரிக்கரான ஹேக் அந்த நிமிடங்களில் ரஷ்ய மொழியிலேயே பேசினார். பயின்றது அந்த மொழியில் என்பதால் அதுவே வந்தது. இருவரும் கஜகஸ்தான் சமவெளியில் காயமின்றி இறங்கினார்கள், ஐந்து மாதம் கழித்து அதே இருவரும் மீண்டும் ஏறினார்கள்.

இறங்கிய இடத்தில் பிழைப்பதும் பாடம். 1965 மார்ச்சில் சோவியத் நாட்டின் வோஸ்கோட் 2 கலம் குறி தவறி யூரல் பகுதிப் பனிக்காட்டில் இறங்கியது. அதில் இருந்த லியோனோவும் பெலியாயெவும் இரண்டு இரவுகளைக் கடுங்குளிரில் கழித்தார்கள். இன்றும் ககாரின் மையத்தில் பனிக்காலக் காட்டில் மூவரை விட்டுவிட்டு, பாராசூட் துணியால் கூடாரம் கட்டிப் பிழைக்கச் சொல்கிறார்கள். நம் வீரர்களும் அந்தப் பனியைப் பார்த்தவர்களே. ககன்யான் இறங்கப்போவது கடலில். அதற்கு ஏற்றது நம் கேரளத்திலேயே இருக்கிறது. கொச்சியில் கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா தளத்தில் நீரில் உயிர்பிழைக்கும் பயிற்சிக் கூடம் உண்டு. அலையையும் இருட்டையும் அங்கே வேண்டியபடி உண்டாக்கலாம். 2023-இல் ககன்யான் கல மாதிரியை மீட்கும் தொடக்கச் சோதனைகள் அங்கே நடந்தன. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தப்பிக்கும் அமைப்பைச் சோதித்தபோது, ஆளில்லாத கலம் வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது, ஆனால் தலைகீழாக மிதந்தது. நிமிர்த்தும் மிதவைகள் அதற்குத்தான். மூன்று நாள் எடையின்றி இருந்து, 'கீழ்' எது என்பதையே காது மறந்துவிட்ட நிலையில், கவிழ்ந்த கலத்தில் வாரில் தொங்கிக்கொண்டு, பூட்டைக் கையால் தடவிக் கண்டுபிடித்து அவிழ்ப்பதை எண்ணிப் பாருங்கள். யோசித்துச் செய்ய நேரம் இருக்காது. கை தானாகப் போக வேண்டும். அந்த நிலைக்கு வரும்வரை ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள்.

மனப் பயிற்சியில்தான் நாம் சொல்லிக்கொள்வது மிகுதி, அறிந்தது குறைவு. ஐரோப்பிய விண்வெளி முகமை தன் வீரர்களை இத்தாலியின் சார்டினியா குகைகளில் நாள்கணக்கில் வாழவைக்கிறது. மாஸ்கோவில் 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை ஆறு பேர் 520 நாள் மூடிய கூடத்தில் செவ்வாய்ப் பயணம்போல வாழ்ந்தார்கள். பசியிலும் தூக்கமின்மையிலும் யார் பேச்சை நிறுத்துகிறார், யார் குரலை உயர்த்துகிறார் என்பதைக் குழு முன்பே தெரிந்துகொள்ள இவை உதவுகின்றன. அதில் எனக்கு ஐயமில்லை. உண்மையான அபாயத்தில் அதே மனிதர் அப்படியே நடந்துகொள்வாரா என்பது வேறு. கூடத்தின் கதவை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியும். அந்த அறிவை எந்தப் பயிற்சியாலும் நீக்க முடியாது.

காத்திருப்பதும் இந்தத் தொழிலின் பகுதி. சுக்லா, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குத் தனியார் நிறுவனம் ஒன்று நடத்திய ஆக்சியம்-4 பயணத்தில் 2025 ஜூன் 25 அன்று புறப்பட்டு ஜூலை 15 அன்று திரும்பினார். மே மாத இறுதியில் புறப்பட வேண்டியவர்கள். ராக்கெட்டில் ஆக்சிஜன் கசிவு, நிலையத்தில் காற்றுக் கசிவு என்று தேதி தள்ளித் தள்ளிப் போனது. ஏறத்தாழ ஒரு மாதம் நோய்த்தொற்று வராமலிருக்கத் தனிமையில் இருந்தார்கள். அந்தப் பயணத்தில் அவருக்கு மாற்று வீரராக ஆயத்தமாக இருந்தவர் நம் பிரசாந்த் நாயர். 1984-இல் ராகேஷ் சர்மாவுக்கு ரவீஷ் மல்ஹோத்ரா இருந்ததுபோல. மாற்று வீரர் பெயருக்கு இருப்பவர் என்று எண்ண வேண்டாம். அப்பல்லோ 13 புறப்படச் சில நாள்களே இருக்கும்போது, கென் மாட்டிங்லி ரூபெல்லா தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று விலக்கப்பட்டு, ஜாக் ஸ்விகர்ட் ஏறினார். அப்படி ஒரு நாள் வரும் என்று எண்ணி, வராமலே போனாலும், முழுப் பாடத்தையும் அதே கவனத்தோடு கற்கிறார்கள். நென்மாறாவில் அவர் பறக்கவில்லையே என்று வருந்துவோரைச் சந்தித்திருக்கிறேன். அவர் செய்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவர்களிடம் சொல்லாமல் நான் விடுவதில்லை.

இனி உங்கள் மகள். ககன்யானின் முதல் நால்வரும் விமானப்படைச் சோதனை விமானிகள். புதிய கலத்தின் முதல் பயணங்களுக்கு அந்தத் தேர்வு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் சுக்லாவோடு ஆக்சியம்-4 கலத்தில் போன மற்ற மூவரைப் பாருங்கள். தலைவர் பெக்கி விட்சன் உயிர்வேதியியலாளர். விண்வெளியில் 600 நாள்களுக்கு மேல் இருந்தவர். 2008-இல் 8 ஜி தாங்கி இறங்கியவர்களில் அவரும் ஒருவர். போலந்தின் ஸ்வாவோஸ் உஸ்னான்ஸ்கியும் ஹங்கேரியின் திபோர் காபுவும் பொறியாளர்கள். ஒருவரும் போர் விமானி இல்லை. ஆகவே மலைப்பாதை வாந்தியைக் காரணமாக்கி அவள் ஆசையை யாரும் மூட வேண்டாம். அடுத்தமுறை போத்துண்டி தாண்டியதும் முன் இருக்கையில் உட்காரவைத்து, தொலைவில் சாலை வளையும் இடத்தைப் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள், பெரும்பாலானவர்களுக்குக் குறையும். வளர வளரவும் பலருக்குக் குறைகிறது.

பள்ளியில் கணக்கையும் இயற்பியலையும் விடாமல் பிடித்துக்கொள்ளட்டும். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாக வளர்கிற பிள்ளை அவள். இன்னொரு மொழி கற்பதில் அவளுக்கு அச்சம் இருக்காது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போக அமெரிக்கரும் ஐரோப்பியரும் ரஷ்ய மொழி படிக்க வேண்டியிருக்கிறது என்பதை அவளிடம் சொல்லுங்கள். இப்போதே தொடங்கக்கூடியது நீச்சல். நாசாவில் சேர்பவர் 25 மீட்டர் குளத்தை நிற்காமல் மூன்று முறை கடக்க வேண்டும். பிறகு விமானிச் சீருடையும் காலணியும் அணிந்து அதையே செய்ய வேண்டும். பத்து நிமிடம் மூழ்காமல் நீரில் நிற்கவும் வேண்டும். நீச்சல் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது மட்டும் இறக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் ஆற்றுப் பக்கம் வேண்டாம்.